கம்மி பட்ஜெட்டில் இமயமலை ட்ரெக்கிங்: எதில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

பெருங்குடியில் உள்ள ஏதோ ஒரு ஐடி நிறுவனத்தின் கேன்டீன். மதியச் சாப்பாட்டு நேரம். "இந்த தடவை கோவா வேணாம்டா, நேபாளம் போலாம். ஏதாவது ஒரு பேஸ் கேம்ப்" என்று ஒருவர் ஆரம்பிக்க, "எவ்ளோ ஆகும்?" என்று இன்னொருவர் கேட்கிறார். மாலைக்குள் வாட்ஸ்அப் குரூப் ரெடி. இரண்டே நாளில் அந்த குரூப்பில் நான்கைந்து ஏஜென்சிகளின் விலைப் பட்டியல் வந்து விழுகிறது.

மலை ஒன்றுதான், பாதையும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் கேட்கும் தொகைக்கும் இன்னொருவர் கேட்கும் தொகைக்கும் பெரிய வித்தியாசம். பெரும்பாலும் குரூப் தேர்ந்தெடுப்பது குறைந்த விலையைத்தான்.

அந்த விலை எப்படிக் குறைந்தது? மலிவான அறை, எளிமையான சாப்பாடு என்று குறைந்திருந்தால் பிரச்னை இல்லை. ஆனால் பல நேரம் குறைக்கப்படுவது நாட்கள். எட்டு நாள் ஏற வேண்டிய பாதை ஐந்து நாளாகச் சுருங்கியிருக்கும். மலையில் அதற்கான விலையைக் கொடுப்பது பயணியின் உடம்புதான்.

சென்னையிலிருந்து கம்மி பட்ஜெட்டில் மலையேற்றம் போக முடியுமா? முடியும். எங்கே போகலாம், செலவு எங்கே ஆகிறது, எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ட்ரெக்கிங் வேறு, கிளைம்பிங் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ட்ரெக்கிங் என்பது நடை. பாதை ஏற்கெனவே இருக்கும். ஷூவும் முதுகுப் பையும் போதும். எவரெஸ்ட் பேஸ் கேம்ப் (5,364 மீட்டர்), அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (4,130 மீட்டர்) எல்லாம் இந்த வகை.

கிளைம்பிங் என்பது கயிறு, ஹார்னஸ், பனியில் குத்தி நடக்கும் கிராம்பான், ஐஸ் கோடாரி எல்லாம் வைத்துச் சிகரம் ஏறுவது. நேபாளத்தின் ஐலண்ட் பீக், மேரா பீக் போன்ற 6,000 மீட்டர் சிகரங்களை 'ட்ரெக்கிங் பீக்' என்று அழைப்பது உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே கயிற்றைப் பிடித்து ஏறத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் முறை போகிறவர்களுக்கும் பட்ஜெட் பார்க்கிறவர்களுக்கும் ட்ரெக்கிங்தான் சரியான தொடக்கம்.

சென்னைக்காரர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

நேரடியாக இமயமலைக்குப் போவதைவிட, படிப்படியாகப் போனால் செலவும் குறையும், ஆபத்தும் குறையும்.

முதல் படி, தமிழ்நாடு. மாநில வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், பெரும்பாலும் பழங்குடியினர், வழிகாட்டியாகக் கூட வருவார்கள். சென்னைக்கு அருகில் திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைகள் பாதை இருக்கிறது. வார இறுதியில் போய்வர ஏலகிரி இருக்கிறது.

இரண்டாவது படி, இலங்கை. 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாதமலை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ ஹட்டன், அதன்பின் நல்லதண்ணி. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சீசன். அந்த மாதங்களில் இரவு முழுக்கப் பாதையில் விளக்கு எரியும், டீக்கடை இருக்கும். ஆயிரக்கணக்கான படிகள் ஏறி விடியலைப் பார்க்கலாம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், மலையகத் தமிழர்களின் ஊர்கள் என்பதால் மொழிப் பிரச்னையே இல்லை. விசா நடைமுறையை மட்டும் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படி, இந்திய இமயமலை. உத்தராகண்டின் கேதார்காந்தா (சுமார் 3,800 மீட்டர்), மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபூ (3,636 மீட்டர்) ஆகியவை புதியவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் பாதைகள். பொங்கல் விடுமுறையில் பனியைப் பார்க்க வேண்டுமென்றால் கேதார்காந்தா. அக்டோபர், நவம்பரில் தெளிந்த வானத்தில் கஞ்சன்ஜங்காவைப் பார்க்க வேண்டுமென்றால் சந்தக்ஃபூ.

நான்காவது படி, நேபாளம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. 1.60 நேபாள ரூபாய்க்கு ஒரு இந்திய ரூபாய் என மதிப்பு நிலையாக இருப்பதால் கணக்குப் போடுவதும் எளிது.

மலேசியாவின் கினாபாலு போலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 4,095 மீட்டர் உயரம், இரண்டே நாளில் ஏறி இறங்கலாம், இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் விசா விலக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. வழிகாட்டி கட்டாயம், மேலே ஒரு இரவு தங்குவதும் கட்டாயம். இதெல்லாம் சேர்ந்தால் இரண்டு நாள் மலைக்கு ஆகும் செலவு, நேபாளத்தில் ஒரு வாரம் நடப்பதைத் தாண்டிவிடலாம். நாள் குறைவு என்பதால் செலவும் குறைவு என்று நினைக்க முடியாது.

குரங்கணி: மறக்கக் கூடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை

பட்ஜெட் பேசும் முன் ஒரு தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்கள் காய்ந்த புல்வெளியில் தீயின் நடுவே சிக்கிக்கொண்டன. 23 பேர் உயிரிழந்தனர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் சென்றவர்கள் அவர்கள். அவர்களில் இளம் பெண்கள் பலர். ஐடி நிறுவன ஊழியர்களும் இருந்தனர்.

அது இமயமலை இல்லை, பனி இல்லை, 5,000 மீட்டர் உயரமும் இல்லை. நம்ம ஊர் மலை. வார இறுதிப் பயணம். ஆனால் கோடையில் காய்ந்து கிடந்த காடு. எந்தப் பாதைக்கு அனுமதி இருந்தது, எந்தப் பாதையில் போனார்கள், தீ அபாயக் காலத்தில் ஏன் மேலே போக விட்டார்கள் என்ற கேள்விகள் அடுத்தடுத்து எழுந்தன.

அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. தீ அபாயக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை ட்ரெக் தமிழ்நாடு பாதைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. குரங்கணி - சாம்பலாறு பாதை இன்று அதே திட்டத்தில் இருக்கிறது, வழிகாட்டியுடன்.

"பெர்மிட் எல்லாம் தேவையில்ல, லோக்கல் ஆளு ஒருத்தர் இருக்காரு, கூட்டிட்டுப் போவாரு" என்று சொல்லி விலையைக் குறைக்கும் பயணங்கள் இன்றும் இருக்கின்றன. அனுமதி என்பது வெறும் ரசீது இல்லை. யார், எத்தனை பேர், எந்தப் பாதையில் இருக்கிறார்கள் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியும் என்பதற்கான ஆதாரம் அது. தீயோ வெள்ளமோ வந்தால், தேடி வருபவர்களுக்கு எங்கே தேடுவது என்று அதுதான் சொல்லும்.

செலவு எங்கெல்லாம் ஆகிறது?

எந்த மலையாக இருந்தாலும் செலவை ஆறு தலைப்பில் பிரிக்கலாம்: போக்குவரத்து, அனுமதிக் கட்டணம், வழிகாட்டி மற்றும் போர்ட்டர், தங்குமிடமும் சாப்பாடும், உடை மற்றும் பொருட்கள், இன்ஷூரன்ஸ். ஏழாவதாக ஒன்று உண்டு, பலரும் அதை எழுதுவதில்லை. அது லீவு.

அன்னபூர்ணா பேஸ் கேம்பை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

மிக மலிவான வழி ரயில். சென்னை வழியாகச் செல்லும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர். அங்கிருந்து பஸ்ஸிலோ ஜீப்பிலோ சுனௌலி எல்லை. நடந்தே எல்லையைத் தாண்டி, நேபாளப் பக்கம் பஸ் பிடித்தால் பொக்ரா. டிக்கெட் செலவு மிகக் குறைவு. ஆனால் போக மூன்று நாள், வர மூன்று நாள். இந்த ரயில் தினமும் கிடையாது என்பதால் தேதியையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும்.

டெல்லி வழியாக காத்மாண்டுவுக்கு விமானத்தில் போனால் ஒரே நாள். அங்கிருந்து பொக்ராவுக்கு பஸ்.

இங்கேதான் லீவுக் கணக்கு வருகிறது. மொத்தம் 10 நாள் லீவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் போய்வந்தால் மலைக்கு மிஞ்சுவது நான்கு நாள். அதில் அன்னபூர்ணா பேஸ் கேம்பை முடிக்க முயல்வது ஆபத்து. விமானத்துக்குக் கூடுதலாகச் செலவழித்தால் மலைக்கு ஏழு நாள் கிடைக்கும். லீவு அதிகம் இருப்பவருக்கு ரயில் லாபம். லீவு குறைவாக இருப்பவர் ரயிலில் மிச்சம் பிடிக்கும் காசு, மலையில் நாட்களாகக் கழிந்துவிடும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மலையை மாற்றுங்கள். அதே பொக்ராவிலிருந்து 3,210 மீட்டர் பூன் ஹில்லுக்குப் போய்வரலாம், மூன்று நான்கு நாள் போதும்.

அனுமதிக் கட்டணத்தில் இந்தியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கு மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய். சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய்தான், அதாவது இந்திய மதிப்பில் 625 ரூபாய். பேக்கேஜ் விலையில் 'பெர்மிட்' என்று ஏஜென்சி எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில நேரம் வெளிநாட்டவர் கட்டணமே போடப்பட்டிருக்கும். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பயணத்துக்கு முன் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

தங்குமிடம்? அன்னபூர்ணா, எவரெஸ்ட் பாதைகளில் டென்ட் தேவையில்லை. வழி நெடுக 'டீ ஹவுஸ்' எனப்படும் சிறு லாட்ஜ்கள் உண்டு. அறை வாடகை குறைவு. ஆனால் இரவுச் சாப்பாடும் காலை டிபனும் அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மேலே போகப் போகச் சாப்பாட்டு விலை ஏறும். அரிசியும் கேஸ் சிலிண்டரும் மனிதர்கள் முதுகிலோ கோவேறு கழுதை முதுகிலோதான் மேலே வருகின்றன. அதனால் பேரம் பேசுவது முறையல்ல.

அடையாள அட்டையில் பலர் கோட்டை விடுகிறார்கள். நேபாளத்துக்கு விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. சென்னை ஏர்போர்ட் கவுன்ட்டரில் போய் இது தெரியவந்தால் மொத்த பட்ஜெட்டும் போச்சு.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

முதலில் உடை, பொருட்கள். சென்னையில் இருப்பவர் பனிக்கால ஜாக்கெட்டை வாங்கி வைத்து என்ன செய்வது? வருடத்தில் 360 நாள் அது பீரோவில்தான் தூங்கும். கேதார்காந்தாவின் தொடக்க ஊரான சாங்க்ரியில், மணாலியில், காத்மாண்டுவின் தமேலில், பொக்ராவின் லேக்சைடில் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், வாக்கிங் ஸ்டிக் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் வாடகைக்கு எடுக்கக் கூடாது, மலைக்குப் போய்ப் புது ஷூ போடவும் கூடாது. இரண்டு மாதம் முன்பே வாங்கி, ஓஎம்ஆரில் நடந்தே பழக்கிவிட வேண்டும். உள்ளாடைக்கு மேல் காட்டன் டி-ஷர்ட் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். குளிரில் அது ஆபத்து.

அடுத்து, ஆட்கள். நான்கு பேர் சேர்ந்தால் வழிகாட்டியின் தினக் கூலியும் ஜீப் வாடகையும் நான்காகப் பிரியும். தனியாகப் போவது எப்போதும் செலவு அதிகம்.

சாப்பாட்டில் தால் பாத் நல்ல தேர்வு. சோறு, பருப்பு, காய், ஊறுகாய் என நம்ம ஊர் அளவுச் சாப்பாடு மாதிரிதான், ஆனால் இங்கே சோறும் பருப்பும் மறுபடி மறுபடி போடுவார்கள். பீட்சா, பாஸ்தா கேட்டால் பில்லும் ஏறும், வயிறும் கெடலாம். மேலே சுடு தண்ணீர், போன் சார்ஜ், வைஃபை எல்லாவற்றுக்கும் தனிக் காசு. பவர் பேங்க் கொண்டுபோவது நல்லது. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்குள் என்றால் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் ட்ரெக்கிங் முகாம்களைப் பார்க்கலாம். லாப நோக்கமில்லாத அமைப்பு என்பதால் கட்டணம் குறைவு, சாப்பாடும் டென்ட்டும் அதில் அடக்கம். உறுப்பினராகச் சேர வேண்டும். பெருங்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில், அடையாறு இந்திரா நகரில் அவர்களின் ஹாஸ்டலே இருக்கிறது.

ரயில் டிக்கெட்டில் ஒரு மாற்றம். 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது, முன்பு இது 120 நாள். எனவே முதல் நாளே காலையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

தேதி தேர்விலும் காசு இருக்கிறது. சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை விடுமுறையில் நேபாளம் போகத் திட்டமிடுபவர்கள் கவனிக்க: அதே நாட்களில்தான் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன். ஊருக்குப் போகும் கூட்டத்தில் பஸ் நிரம்பி வழியும், அலுவலகங்கள் மூடியிருக்கும். நம்ம ஊர் பொங்கலுக்கு முதல் நாள் கிளாம்பாக்கம் எப்படி இருக்குமோ, அப்படித்தான். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனால் வானமும் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறையும்.

எதில் கை வைக்கவே கூடாது?

முதலாவது, நாட்கள்.

பெருங்குடி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர். மலை நோய் பொதுவாகத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேல். அதாவது, நம்ம ஊர் மலைகளில் எத்தனை முறை ஏறியிருந்தாலும், மெல்லிய காற்றில் தன் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்காது. ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்றெல்லாம் மலை நோய் பார்ப்பதில்லை.

4,130 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். உடம்பு இதற்குப் பழக நேரம் வேண்டும். அதனால்தான் 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் போய்த் தூங்கக் கூடாது என்று மலை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஓய்வும் தேவை.

இப்போது அந்த மலிவு பேக்கேஜை எடுத்துப் பாருங்கள். அன்னபூர்ணா பாதையில் தேவ்ராலி என்ற இடம் சுமார் 3,230 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் பேஸ் கேம்ப் போனால், 900 மீட்டர் உயரம் கூடுகிறது. இடையில் மச்சாபுச்ரே பேஸ் கேம்ப் (சுமார் 3,700 மீட்டர்) இருக்கிறது. அங்கே ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் மேலே போனால் கணக்கு 470, 430 என்று இரண்டாகப் பிரிந்துவிடும். இதற்காகும் கூடுதல் செலவு ஒரு அறை வாடகை, இரண்டு மூன்று வேளைச் சாப்பாடு, வழிகாட்டியின் ஒரு நாள் கூலி. பட்ஜெட் பேக்கேஜ் முதலில் வெட்டுவது இந்த ஒரு இரவைத்தான்.

தலைவலி, வாந்தி உணர்வு, தலைசுற்றல், தூக்கமின்மை, கடும் அசதி. இவை மலை நோயின் தொடக்கம். இந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. அங்கேயே தங்கி, சரியாகிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்க்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவை உயிருக்கே ஆபத்தான அறிகுறிகள். விடியும் வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும் என்றாலும், அதை டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. சல்ஃபா மருந்து அலர்ஜி உள்ளவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா பிரச்னை உள்ளவர்களும் புறப்படும் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, வழிகாட்டி.

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில், கர்நாடகாவிலிருந்து சென்ற 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தனர். அனுபவம் உள்ளவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். மேலே வானிலை மாற அரை மணி நேரம் போதும். "இன்னைக்கு மேல போக வேணாம்" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் கூட இருப்பதும், அவர் சொன்னால் கேட்பதும்தான் பாதுகாப்பு. நேபாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு மலையேற்றப் பயணிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று அறிவித்திருக்கிறது.

இதோடு போர்ட்டரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பேக்கேஜ் விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், அந்தக் குறைவு யாரோ ஒருவர் கூலியிலிருந்து வந்திருக்கும். ஒரே ஆள் மூன்று பேர் பையைச் சுமப்பது, அவருக்குச் சரியான ஷூவோ இன்ஷூரன்ஸோ இல்லாமல் இருப்பது எல்லாம் அப்படித்தான் நடக்கிறது.

மூன்றாவது, இன்ஷூரன்ஸ்.

சாதாரண டிராவல் இன்ஷூரன்ஸ் பல நேரம் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. பாலிசியில் ட்ரெக்கிங் இருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பு அடக்கமா என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஹெலிகாப்டரில் இறக்கினால் பில் லட்சங்களில் வரும். தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காசு பார்க்கும் மோசடி நேபாளத்தில் 2018-ல் பெரிய விவகாரமானது. அதனால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்திருப்பது நல்லது.

நான்காவது, ஒரு உபரி நாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. பெருங்குடி, பள்ளிக்கரணை எல்லாம் தண்ணீரில் நின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மலையில் நல்ல சீசன். சென்னையில் அதுதான் மழைக்காலம். மலையில் நிலச்சரிவு, ஊரில் புயல், எதுவும் நடக்கலாம். கடைசி நாளில் இறங்கி மறுநாள் காலை ஆபிஸ் என்று திட்டமிட்டால், இருட்டில் அவசரமாக இறங்க வேண்டிவரும். விபத்துகள் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும்.

தட்டையான ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது?

பெருங்குடியில் மலை இல்லை. மாடிப்படி இருக்கிறது. ஆபிஸ் லிஃப்ட்டை மறந்துவிடலாம். பறக்கும் ரயில் நிலையப் படிகளும் இருக்கின்றன. குறைந்தது எட்டு வாரம் வேண்டும்.

வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில் வெயில் ஏறும் முன் வேக நடை. இரண்டு நாள் படி ஏறி இறங்குவது. பையில் தண்ணீர் பாட்டில்களை வைத்து ஐந்து கிலோவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். இறங்கும் முன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டால் முட்டிக்குப் பாரம் குறையும். வார இறுதியில் பரங்கிமலை படிகள். மாதம் ஒருமுறை ஏலகிரி, கொல்லிமலை மாதிரி ஒரு மலை. தொடர்ந்து இரண்டு நாள் நடக்கும் பழக்கம் முக்கியம். முதல் நாள் எல்லோரும் நடப்பார்கள். கால் வலியோடு இரண்டாம் நாளும் நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கிளைம்பிங் ஆசை இருந்தால்?

கம்மி செலவில் முறையாகக் கற்க அரசு மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கப்பட்ட ஹிமாலயன் மவுன்டனியரிங் இன்ஸ்டிடியூட், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கப்பட்ட நேரு இன்ஸ்டிடியூட், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரிலான நிலையம். அடிப்படைப் பயிற்சி சுமார் நான்கு வாரம். தங்குமிடம், சாப்பாடு, கருவிகள் எல்லாம் அடக்கம். இந்தியர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. நல்ல கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்குப் போக முடியும். இடங்கள் மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும், மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறிய என்.முத்தமிழ்ச்செல்வி, அச்சிகரத்தைத் தொட்ட தமிழ்நாட்டின் முதல் பெண். அவருக்கு அரசின் நிதியுதவியும் தேவைப்பட்டது. ஏனென்றால் எவரெஸ்ட் பட்ஜெட் பயணமே இல்லை. நேபாள அரசு கேட்கும் அனுமதிக் கட்டணம் மட்டுமே 2025 செப்டம்பர் முதல் 15,000 டாலர்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்குவோம்?

வழிகாட்டிக்கு உரிமம், முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி?

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரை யார் கீழே அழைத்து வருவார்கள்? மீதிப் பேர் என்ன ஆவார்கள்?

அனுமதிச் சீட்டு யார் பெயரில் எடுக்கப்படும்? அதன் நகல் கிடைக்குமா?

வானிலை காரணமாக நின்றால் பணம் திரும்ப வருமா?

போர்ட்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம் பாஸ்" என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நவம்பர் பயணத்துக்கு எப்போது என்ன செய்யணும்?

ஆகஸ்ட்: மலையை முடிவு செய்து, லீவு சொல்லி, ஷூ வாங்கி, பயிற்சியைத் தொடங்குவது. பாஸ்போர்ட் இல்லாதவர்கள் வாக்காளர் அட்டையைத் தேடி எடுப்பது. செப்டம்பர்: ரயில் அல்லது விமான டிக்கெட், டாக்டர் பரிசோதனை, தமிழ்நாட்டில் ஒரு பயிற்சி மலை. அக்டோபர்: வழிகாட்டி, இன்ஷூரன்ஸ், தினசரி உயரப் பட்டியல். அந்தப் பட்டியலின் ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. "எப்போ போன் வரும்?" என்று காத்திருக்கும் அம்மாவுக்கு, இன்று பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த முறை விலைப் பட்டியல் வரும்போது, "எவ்ளோ ஆகும்?" என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "எத்தனை ராத்திரி?" இரண்டுக்கும் பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், உண்மையில் எது மலிவு என்பது தெரிந்துவிடும்.